மாகுலா பிரச்சினைக்கு ரத்தத்தில் 'ஆக்சிடேடிவ் ஸ்ட்ரெஸ்' பரிசோதனை: எடுக்கலாமா?

கீழவாசல்_குமரன்

வணக்கம். அம்மாவுக்கு 68 வயது. படிக்கிற கண்ணாடியில் கீறல் விழுந்துவிட்டதே என்று மாற்றப் போனோம். அங்கே சொட்டு மருந்து விட்டு, கண்ணுக்குள் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "ரெண்டு கண்ணிலும் மாகுலாவில், அதாவது விழித்திரையின் நடுப்பகுதியில், மஞ்சள் புள்ளிகள் இருக்கு. வயசால வர்றது. உலர் வகை, நடுத்தரக் கட்டம்" என்றார் டாக்டர். அம்மாவுக்கு இதுவரை எந்தத் தொந்தரவும் இல்லை. ஊசியில் நூல் கோக்கிறார். மாத்திரை எழுதிக் கொடுத்து, ஆறு மாதம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள்.

இதற்கு நடுவில் மச்சான் வாட்ஸப்பில் ஒரு விளம்பரம் அனுப்பினார். 'கண் முதுமை ஆக்சிடேடிவ் ஸ்ட்ரெஸ் பேனல்', ரூ. 4,800. ஆக்சிஜன் வினையால் உடம்பில் ஏற்படும் சேதத்தை ரத்தத்தில் பார்ப்பதாம். எம்டிஏ, எஸ்ஓடி, குளூட்டாதயோன், டோட்டல் ஆன்டிஆக்சிடன்ட், 8-ஓஎச்டிஜி, ஹோமோசிஸ்டீன், ஆக ஆறு சமாச்சாரம். வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துக்கொள்வார்களாம். பார்வை போவதற்கு முன்பே தெரிந்துவிடும் என்கிறது விளம்பரம். டாக்டரிடம் போனில் கேட்டேன். "அதெல்லாம் வேண்டாங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். வேண்டாம் என்றால் ஏன் வேண்டாம் என்று யாராவது புரியும்படி சொல்லுங்களேன். அம்மா கண் விஷயம், 4,800 எனக்குப் பெரிதில்லை.

வெட்டிப்பேச்சு

4,800க்கு முருங்கைக்கீரை வாங்கினால் தெருவுக்கே பொரியல் போடலாம் பாஸ்.

லென்ஸ்_அக்கா

குமரன், நான் 14 வருடமாகக் கண் பரிசோதனைத் துறையில் இருக்கிறேன். டாக்டர் இல்லை, ஆப்டோமெட்ரிஸ்ட். உங்கள் டாக்டர் சொன்னது சரி. ஆனால் அப்படி வெட்டிச் சொல்லியிருக்க வேண்டாம்.

எந்தப் பரிசோதனைக்கும் பணம் கட்டும் முன் ஒன்றை யோசியுங்கள். முடிவு 'அதிகம்' என்று வந்தால் என்ன செய்வீர்கள்? 'இயல்பு' என்று வந்தால் என்ன செய்வீர்கள்? இரண்டுக்கும் ஒரே பதில்தான் என்றால் அந்தப் பரிசோதனையால் பயன் இல்லை. அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் ட்ரூசன் (டாக்டர் சொன்ன மஞ்சள் புள்ளிகள்) இருப்பது படத்தில் தெரிந்துவிட்டது. பட்டியலில் முதலில் இருக்கும் எம்டிஏ குறைவாக வந்தால் மாத்திரையை நிறுத்திவிடுவீர்களா? கூடாது. அதிகமாக வந்தால் இரண்டு மாத்திரை போடுவீர்களா? அது இன்னும் கூடாது.

இந்த மாத்திரைக்கு அடிப்படை 2001இல் வந்த ஏரெட்ஸ் என்ற அமெரிக்க ஆய்வு. மாகுலா பகுதிக்கு 3,640 பேரைச் சேர்த்தார்கள். அவர்களை எப்படிப் பிரித்தார்கள் தெரியுமா? விழித்திரைப் படத்தை வைத்து. ரத்தத்தில் ஸ்ட்ரெஸ் எவ்வளவு என்று பார்த்து யாருக்கும் மாத்திரை கொடுக்கவில்லை. நடுத்தரக் கட்டத்திலும், ஒரு கண் மட்டும் முற்றிய கட்டத்திலும் இருந்தவர்களில், மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்ட 100 பேரில் சுமார் 28 பேருக்கு ஐந்து வருடத்தில் நோய் முற்றியது. வைட்டமினும் துத்தநாகமும் சேர்த்துச் சாப்பிட்டவர்களில் அது சுமார் 20. நல்ல பலன்தான், அதற்காக அற்புதம் என்று சொல்ல மாட்டேன். ஆரம்பக் கட்டத்தில் இருந்தவர்களுக்குப் பலன் தெரியவில்லை. ஆகவே கட்டம் எது என்பதுதான் கேள்வி, அதைச் சொல்வது படம்.

மூலக்கூறு

அக்கா சொல்வதோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் 'ரத்தத்தில் பார்ப்பதெல்லாம் பம்மாத்து' என்று இந்த இழை போய்விடக் கூடாது என்பதால் எழுதுகிறேன். உயிர்வேதியியல் ஆராய்ச்சியில் இருப்பவன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விழித்திரையின் ஒளி உணரும் செல்களை வரிசையாக எரியும் அகல் விளக்குகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக்சிஜன் ஏராளமாக வேண்டும். மேலே எந்நேரமும் வெளிச்சம் விழுகிறது. அந்தச் செல்களின் சவ்வில் ஏராளமாக இருப்பது டிஎச்ஏ என்ற கொழுப்பு அமிலம், மீனில் இருக்குமே, அதே ஒமேகா-3. இது லேசில் ஆக்சிஜனோடு வினைபுரிந்து கெட்டுப்போகும் கொழுப்பு. வெளிச்சம், ஆக்சிஜன், கெட்டுப்போகிற எண்ணெய் மூன்றையும் ஒரே அறையில் பூட்டி வைத்ததுபோல.

தினமும் அந்தச் செல்கள் தங்கள் நுனியில் பத்தில் ஒரு பங்கை உதிர்க்கும். அடியில் இருக்கும் நிறமிச் செல் அடுக்கு அதை விழுங்கிச் செரிக்கும். அந்த நிறமிச் செல்கள் புதிதாகப் பிறப்பதில்லை என்றே சொல்லலாம். பிறந்ததிலிருந்து அதே துப்புரவுப் பணியாளர், அதே தெரு, ஒரு நாள் லீவு கிடையாது. அறுபது வயதுக்கு மேல் குப்பை தேங்குவதில் என்ன ஆச்சரியம்? அந்த அடுக்குக்குக் கீழே சேருகிற படிவுதான் ட்ரூசன்.

ரத்தத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் கிளீவ்லாண்டு குழு ஒன்று ட்ரூசனைப் பிரித்தெடுத்து அதில் என்னென்ன புரதங்கள் என்று பார்த்தது. டிஎச்ஏ சிதைந்து புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும் ஒரு வடிவம், சிஇபி என்பார்கள், அதில் இருந்தது. 2003இல் அதையே ரத்தத்தில் அளந்தார்கள். நோயாளிகள் 19 பேர், அதே வயதில் நோய் இல்லாதவர்கள் 19 பேர். நோயாளிகளின் சராசரி ஒன்றரை மடங்கு. அதற்கு எதிராக உடல் உண்டாக்கிய ஆன்டிபாடியும் அதிகம். 2008இல் அந்த சிஇபி ஒட்டிய புரதத்தை எலிகளுக்குத் தடுப்பூசிபோலப் போட்டபோது, அவற்றின் விழித்திரையில் மாகுலா நோயைப் போன்ற மாற்றங்களே வந்தன. ரத்தத்தில் தெரிந்த ஒரு தடயம் நோயின் வழியைக் காட்டிய கதை இது.

இன்னொன்று. 2005இல் மூன்று குழுக்கள் ஒரே நேரத்தில் ஒரே மரபணுவில் வந்து நின்றன: காம்ப்ளிமென்ட் ஃபாக்டர் எச். காம்ப்ளிமென்ட் என்பது ரத்தத்தில் இருக்கும் நோய் எதிர்ப்புப் புரதங்களின் கூட்டம். அது வீட்டையே கொளுத்திவிடாமல் தடுக்கிற புரதம்தான் ஃபாக்டர் எச். அதற்கும் ஆக்சிஜனேற்றத்துக்கும் என்ன சம்பந்தம் என்று ஆறு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. விளம்பரத்தில் முதலில் இருக்கிறதே எம்டிஏ, கொழுப்பு கெடும்போது வருகிற பொருள், அதைப் போய்ப் பிடித்து அடக்கிவைப்பதே ஃபாக்டர் எச்சின் வேலைகளில் ஒன்று. நோய்க்கு வழிவகுக்கும் மரபணு வகை உள்ளவர்களிடம் அந்தப் பிடி தளர்வு. 2023இல் அமெரிக்காவில் உலர் வகையின் முற்றிய கட்டத்துக்கு அனுமதி பெற்ற இரண்டு கண் ஊசிகளும் காம்ப்ளிமென்டைக் குறிவைப்பவைதான்.

ஆகவே எம்டிஏ வெறும் விளம்பர வார்த்தை இல்லை. ஆனால் 19 பேரின் சராசரியும் 19 பேரின் சராசரியும் வேறுபடுவது ஒன்று, குமரனின் அம்மா எந்தப் பக்கம் என்று சொல்வது வேறொன்று. இரண்டு கூட்டத்தின் எண்களும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும்.

சோதனைக்குழாய்

தம்பி மூலக்கூறு, அருமையாகச் சொன்னீர்கள். நான் அந்தக் குழாயின் மறு முனையில் 31 வருடம் உட்கார்ந்திருந்தவன். ஓய்வு பெற்ற லேப் டெக்னீசியன். என் பங்குக்கு எம்டிஏ எப்படி அளக்கப்படுகிறது என்று சொல்கிறேன், கேளுங்கள்.

சீரத்தை (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீர்) எடுத்து, தயோபார்பிட்யூரிக் அமிலம் ஊற்றி, கொதிநீரில் வைப்போம். எம்டிஏ இருந்தால் ரோஸ் நிறம் வரும். ரோஸ்மில்க்கை நிறையத் தண்ணீர் விட்டுக் கலக்கினால் வருமே, அந்த நிறம். கருவியில் 532 நானோமீட்டரில் வைத்து எவ்வளவு ரோஸ் என்று படித்தால் எண் வந்துவிடும். மலிவு, சுலபம். பெரும்பாலான இடங்களில் இதுதான்.

சிக்கல் என்னவென்றால் அந்த அமிலம் எம்டிஏவோடு மட்டும் சேருவதில்லை. வேறு ஆல்டிஹைடுகள், சில சர்க்கரைகள், இன்னும் என்னென்னவோ சேர்ந்து நிறம் காட்டும். சூடாக்கும்போது குழாய்க்குள்ளேயே கொழுப்பு கெட்டுப் புதிதாக எம்டிஏ உண்டாகும். இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. புத்தகத்தில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

ஒரு சமயம் நான் வேலை பார்த்த இடத்தில் (பெயர் வேண்டாம்) ஒரு கல்லூரி ஆய்வுக்காக இந்தப் பரிசோதனை செய்தோம். திங்கட்கிழமை மாதிரிகளெல்லாம் தாறுமாறாக அதிகம். மற்ற நாள் சாதாரணம். மாணவி பாவம், ஞாயிற்றுக்கிழமை விருந்து காரணமாக இருக்குமோ என்று ஒரு பத்தியே எழுதி வைத்திருந்தாள். அப்புறம் பார்த்தால், திங்கட்கிழமை ரத்தம் எடுக்க வரும் பையன் புதியவன். மெல்லிய ஊசியில் எடுத்து, அதே ஊசி வழியாகவே குழாய்க்குள் அழுத்தித் தள்ளுவான். சிவப்பணுக்கள் உடைந்து சீரமே ரோஸ் நிறத்தில் இருந்தது. ஹீமோகுளோபினும் அந்த 532 பக்கத்திலேயே ஒளியை விழுங்கும். நோயாளிக்கு ஸ்ட்ரெஸ் இல்லை, குழாய்க்குத்தான். கூடவே எஸ்ஓடி மாதிரி என்சைம்கள் சிவப்பணுவுக்குள் நிறைய இருக்கும். சிவப்பணு உடைந்தால் அவையும் சீரத்தில் ஏறிவிடும்.

இப்போது வீட்டுக்கு வந்து எடுக்கிறார்கள் என்றீர்களே. பத்து மணிக்கு எடுத்த ரத்தம் ஸ்கூட்டரில் தெர்மாகோல் பெட்டிக்குள் இன்னும் எத்தனை வீடு சுற்றும்? மே மாதமாக இருந்தால்? கொழுப்பு ஆக்சிஜனேற்றம் குழாய்க்குள்ளும் நடந்துகொண்டேதான் இருக்கும். சுத்தமான ஆய்வில் எடுத்த கையோடு பனிக்கட்டியில் வைத்து, மையவிலக்கில் சுற்றி, ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருள் சேர்த்து, மைனஸ் 80 டிகிரியில் வைப்பார்கள். கொழுப்பு ஆக்சிஜனேற்றத்தில் உண்டாகும் ஐசோப்ரோஸ்டேன் என்று இன்னொரு பொருள் உண்டு, இவற்றில் எனக்கு நம்பிக்கை உள்ளது அதுதான். ஆனால் அதை ஒழுங்காக அளக்க மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் வேண்டும். அந்த 4,800 பட்டியலில் அது இல்லை, கவனித்தீர்களா?

கீழவாசல்_குமரன்

சார், ரோஸ்மில்க் இனிமேல் குடிக்க முடியாதபடி செய்துவிட்டீர்கள். 😀

ஒரு சந்தேகம். நேற்று தேடிக்கொண்டிருந்தபோது புதுச்சேரிப் பக்கம் முதியவர்களுக்கு ரத்தத்தில் வைட்டமின் சி பார்த்து, அது குறைந்தவர்களுக்குக் கண்புரை அதிகம் என்று கண்டுபிடித்ததாகப் படித்தேன். அப்படியென்றால் ரத்தத்தில் பார்ப்பது உதவுகிறது என்றுதானே அர்த்தம்?

மூலக்கூறு

நல்ல கேள்வி. நீங்கள் படித்தது இண்ட்ஐ ஆய்வு. வடக்கே ஹரியானா, தெற்கே புதுச்சேரி, இரண்டு பக்கமும் சேர்த்து 60 வயதுக்கு மேற்பட்ட 5,638 பேர் கண் பரிசோதனைக்கு வந்து ரத்தமும் கொடுத்தார்கள். 2011இல் முடிவுகள் வந்தன. ரத்தத்தில் வைட்டமின் சி அதிகம் இருந்தவர்களிடம் கண்புரை தெளிவாகவே குறைவு. என்னை உலுக்கியது வேறு எண்: வடக்கில் சுமார் 74 சதவீதம் பேருக்கும் தெற்கில் சுமார் 46 சதவீதம் பேருக்கும் வைட்டமின் சி பற்றாக்குறை. எலுமிச்சையும் நெல்லிக்காயும் விளைகிற ஊரில்!

ஆனால் மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் நடந்த இன்னொரு ஆய்வு இருக்கிறது. அது 2006இல் வெளிவந்தது. 798 பேருக்கு ஐந்து வருடம், பாதிப் பேருக்கு பீட்டா கரோட்டினும் வைட்டமின் சி, ஈயும், மற்றவர்களுக்கு வெறும் மாத்திரை. கண்புரை வளர்வதில் வித்தியாசமே இல்லை. ஏரெட்ஸிலும் கண்புரைக்கு மாத்திரையால் பலன் இல்லை.

இரண்டும் பொய் இல்லை. ரத்தத்தில் வைட்டமின் சி குறைந்தவர் யார்? பழம் வாங்க முடியாதவர், பீடி புகைப்பவர், விறகடுப்புப் புகையில் நின்று சமைத்தவர், வெயிலில் உழைத்தவர். வைட்டமின் அளவு அந்த வாழ்க்கை முழுவதற்குமான அடையாள அட்டை. அட்டையில் எண்ணை மட்டும் திருத்தினால் வாழ்க்கை மாறிவிடாது. ஐந்து வருட மாத்திரை ஐம்பது வருடக் குறையை ஈடுகட்டாது என்று வாதிடுபவர்களும் உண்டு. அதையும் ஒதுக்க மாட்டேன்.

சரி, கண்புரைக்கும் ஆக்சிஜனுக்கும் தொடர்பே இல்லையா என்றால், நிச்சயம் உண்டு. லென்ஸுக்கு ரத்தக் குழாயே கிடையாது. அதன் சூழலே குறைந்த ஆக்சிஜன். கண்ணுக்குள் லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் விட்ரியஸ் ஜெல்லை அறுவை செய்து எடுத்துவிட்டால், 50 வயதைக் கடந்தவர்களில் பெரும்பாலோருக்கு இரண்டு வருடத்துக்குள் கண்புரை வந்துவிடும். ஜெல் போனதும் ஆக்சிஜன் லென்ஸ் வரை எட்டிவிடுகிறது என்பதுதான் இதற்கான விளக்கம். அழுத்த அறையில் மாதக்கணக்கில் தூய ஆக்சிஜன் சிகிச்சை எடுத்தவர்களுக்கும் லென்ஸின் நடுப்பகுதி மங்கியதை 1984இலேயே ஸ்வீடனில் கவனித்தார்கள்.

விபரீதம் கண்ணுக்குள் சில மில்லிமீட்டர் இடத்தில் நடக்கிறது. நாம் எட்டிப் பார்ப்பதோ கையில் எடுத்த ரத்தத்தில். ஈரல், தசை, கொழுப்பு, நுரையீரல் எல்லாம் தங்கள் கழிவைக் கொட்டுகிற அதே ஆறு. அதில் இரண்டு சிறிய விழித்திரைகளின் பங்கைத் தேடுவது கல்லணையில் நின்று குடகிலிருந்து எந்த வீட்டுச் சாக்கடை வந்தது என்று சொல்வதைப் போல.

பனங்காய்

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கும் இதே வருத்தம், வயது 74. போன கிழமை டொக்டரோடு கதைத்தோம். கனடாவிலிருந்து தங்கச்சி அனுப்பிய கண் குளிசை போத்தல் ஒன்று இருக்கிறது, அதில் பீட்டா கரோட்டின் என்று போட்டிருக்கிறது. அப்பா முப்பது வருடம் சிகரெட் பத்தி, விட்டு ஆறு வருடம். குடுக்கலாமோ?

லென்ஸ்_அக்கா

பனங்காய், அந்தப் போத்தலை அப்பாவுக்குக் கொடுக்காதீர்கள். டாக்டரிடம் காட்டி, பீட்டா கரோட்டின் இல்லாத புதிய கலவையைக் கேளுங்கள்.

1994இல் ஃபின்லாந்தில் 29,133 ஆண் புகைப்பிடிப்பாளர்களை வைத்து நடந்த ஆய்வில், பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, 18 சதவீதம் கூடியது. 'ஆன்டிஆக்சிடன்ட்தானே, என்ன கெடுதல்' என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் முதல் கதை இதுதான். அதனால்தான் 2013இல் முடிந்த ஏரெட்ஸ்-2இல் அதற்குப் பதிலாக லூட்டீன் 10 மில்லிகிராம், சியாசாந்தின் 2 மில்லிகிராம் வைத்துப் பார்த்தார்கள். பீட்டா கரோட்டின் சாப்பிட்ட பிரிவில் நுரையீரல் புற்று அதிகம், அதிலும் பெரும்பாலோர் முன்பு புகைத்து விட்டவர்கள். உங்கள் அப்பா போல. அதே ஆய்வில் மீன் எண்ணெய் கூடுதல் பலன் தரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இது தெரியாமல் காசு கரைப்பவர்கள் நிறைய.

குமரன், நீங்களும் அம்மாவின் மாத்திரை லேபிளைத் திருப்பிப் பாருங்கள். துத்தநாகம் அதிக அளவில் இருக்கும். சிறுநீரகத் தொந்தரவு, கல் இருந்தால் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

இயற்கை_வீரன்

எல்லாம் மருந்து கம்பெனி வியாபாரம். காலையில் கண்ணில் இரண்டு சொட்டுத் தேன் விடுங்கள், மாகுலா புதிதாக முளைக்கும். என் பக்கத்து வீட்டுக்காரர்

நெறியாளர்

மேலே உள்ள பதிவின் மீதி நீக்கப்பட்டது. கண்ணில் எதையும் விடச் சொல்லி இங்கே எழுதாதீர்கள். மூன்றாவது எச்சரிக்கை.

வெட்டிப்பேச்சு

மாகுலா முளைக்கும் என்றால் நான் மாடித் தோட்டத்திலேயே போடுவேன்.

சோதனைக்குழாய்

ஒரு விஷயத்தில் நியாயமாக இருக்க வேண்டும். அந்தப் பட்டியலில் ஹோமோசிஸ்டீன் ஒன்று மட்டும் ஒழுங்கான பரிசோதனை. ஃபோலிக் அமிலமோ பி12ஓ குறைந்தால் ரத்தத்தில் ஏறுகிற ஒரு அமினோ அமிலம் அது. அளக்கும் முறை நிலைபெற்றது, குறைபாடு தெரிந்தால் செய்ய வேண்டியதும் தெரியும். அமெரிக்காவில் இதய நோய் அபாயம் உள்ள 5,442 பெண்களைச் சேர்த்து, பாதிப் பேருக்கு ஃபோலிக் அமிலம், பி6, பி12 கொடுத்த ஆய்வில் மாகுலா நோய் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக 2009இல் வந்தது. ஆனால் அது இதயத்துக்காகத் தொடங்கிய ஆய்வு, கண் அதில் பக்க விளைச்சல். அதை மட்டும் வைத்து யாருக்கும் மாத்திரை எழுதுவதில்லை.

அம்மா சுத்த சைவமா? அப்படியானால் தனியாக பி12 மட்டும் பாருங்கள். பேனலோடு ஒப்பிட்டால் செலவு கொஞ்சம்தான். கண்ணுக்காக என்று சொல்லவில்லை, காலில் மதமதப்பு, மறதி எல்லாம் அதில் வரும். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்து எத்தனை நாள் ஆகிறது? ஸ்ட்ரெஸ் பேனல் வாங்குகிற வீட்டில் சர்க்கரை பார்த்து இரண்டு வருடம் ஆகியிருக்கும், இதை நான் எத்தனையோ முறை பார்த்தாயிற்று.

லென்ஸ்_அக்கா

சார் சொன்னதற்கு ஒரு சபாஷ். நான் ஒன்று சேர்க்கிறேன், இதற்குக் காசே வேண்டாம்.

உலர் வகை ஒருநாள் ஈர வகையாக, அதாவது மாகுலாவுக்கு அடியில் புதிய ரத்தக் குழாய் முளைத்து நீர் கசியும் வகையாக, மாறலாம். மாறினால் நாட்கணக்கில் ஓட வேண்டும், ஊசி போட்டால் பார்வையைக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. அந்த மாற்றத்தை முதலில் பார்க்கப்போவது அம்மாவின் கண்தான். கட்டம் போட்ட ஒரு தாள், ஆம்ஸ்லர் கட்டம் என்று கேட்டால் ஆஸ்பத்திரியில் தருவார்கள். படிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு கண்ணை மூடி மற்றதால் நடுப்புள்ளியைப் பார்க்க வேண்டும். அப்புறம் மறு கண். கோடு வளைந்தாலோ, நடுவில் கறை மாதிரி மறைத்தாலோ ஆறு மாதம் காத்திருக்கக் கூடாது. தாள் இல்லாவிட்டால் ஜன்னல் கம்பி, தரையின் டைல்ஸ் கோடு எதுவும் ஆகும். ஒரு கண்ணை மூடிப் பார்க்காததால் மாதக்கணக்கில் தெரியாமலே விட்டவர்கள் ஏராளம். நல்ல கண் கெட்ட கண்ணுக்குச் சாட்சி சொல்லி மறைத்துவிடும்.

கீழவாசல்_குமரன்

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

பேனல் எடுக்கவில்லை. மச்சானுக்குக் கோபம், இந்த இழையையே அவருக்கு அனுப்பிவிட்டேன். சோதனைக்குழாய் சார் கேட்டாரே, அம்மாவுக்குச் சர்க்கரை பார்த்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. இப்போது பார்த்தோம், எல்லைக்கோட்டில் இருக்கிறது. பி12 குறைவு, ஊசி போடுகிறார்கள். மாத்திரை லேபிளில் பீட்டா கரோட்டின் இல்லை.

கட்டத் தாளை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன். அம்மா ஞாயிறுதோறும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு நின்று பார்க்கிறார். போன வாரம் "நடுவுல கோடு வளையுதுடா" என்றார். எனக்குக் கை கால் ஓடவில்லை. கிட்டே போய்ப் பார்த்தால் தாளே காந்தத்துக்கு அடியில் மடங்கியிருந்தது. சந்தேகத்துக்கு மறுநாளே கூட்டிப்போய் ஸ்கேனும் எடுத்துவிட்டோம், நீர் எதுவும் கோக்கவில்லை.

அக்கா, ஒரே ஒரு கேள்வி: தாளை லேமினேட் செய்தால் பளபளப்பில் கோடு சரியாகத் தெரியாமல் போகுமா?

லென்ஸ்_அக்கா

போகும். அட்டையில் ஒட்டி, ஆணி அடித்து மாட்டுங்கள். டியூப்லைட் நேரே அடிக்காத சுவராகப் பாருங்கள்.